இரண்டு கட்டிலில் தொடங்கிய டாக்டரம்மா



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். முடிவில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். வயது முப்பத்தெட்டு. பெயர் வேண்டாம். வேடசந்தூர் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவள். அவளுடைய மூத்த மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்று கேட்கத்தான் வந்திருந்தாள். பேசினோம், காபி குடித்தோம். கிளம்பும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, "டீச்சர், சிரிக்கக் கூடாது. நான் இப்ப பத்தாவது எழுத முடியுமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்துநான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலைப்பொழுது கண்முன் வந்தது. அவள் அப்பா டி.சி. வாங்க வந்திருந்தார். "ஒன்பதாவது எங்க சேக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "மில்லுக்குப் போறா டீச்சர். வண்டி ஊருக்கே வருது" என்றார். நான் தலையாட்டிவிட்டு டி.சி.யை எழுதினேன். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளை. "இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டுமே" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அந்த வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும், சொன்னால் மட்டும் கேட்கவா போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இவள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வாழ்ந்து காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி உங்களில் ஒருவருக்குக்கூட நான் பாடம் நடத்தியதில்லையே என்ற எண்ணம் வந்தது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

டாக்டர் டி.எஸ். சௌந்தரம். திருமணத்துக்குப் பின் சௌந்தரம் ராமச்சந்திரன். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வெறும் "டாக்டரம்மா".

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும்போது சின்னாளப்பட்டி, அம்பாத்துரை வரும். சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்த அம்மா.

1904 ஆகஸ்ட் 18-இல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா டி.வி. சுந்தரம் ஐயங்கார். ஆமாம், மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவரேதான். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே விதிதான். விளையாடுகிற வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளை டாக்டர் சௌந்தரராஜன், உறவுக்காரர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தபோது அவருக்கும் அந்த நோய் தொற்றியது. 1925-இல் இறந்துபோனார். சௌந்தரத்துக்கு அப்போது வயது இருபது, இருபத்தொன்று இருக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சமூகத்தில் இளம் விதவை என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் பாட்டிமார்களிடம் கேட்டிருப்பீர்கள். தலையை மழித்து, நார்மடி உடுத்தி, அடுக்களைக்குப் பின்னால் ஒரு மூலை. நல்லது கெட்டது எதிலும் முன்னால் வரக் கூடாது. ஆயுள் முழுவதும் அப்படியே கழிந்த பெண்கள் எத்தனை பேர்!

சௌந்தரம் படிக்கப் போனார். அதுவும் பக்கத்து ஊருக்கு இல்லை, டெல்லிக்கு. அங்கே பெண்களுக்கென்றே 1916-இல் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, தன் முப்பத்திரண்டாவது வயதில் டாக்டரானார். கணவரை இழந்ததே ஒரு தொற்றுநோயால். அதே வைத்தியத் தொழிலுக்கு அவரும் வந்து சேர்ந்தார்.

டெல்லியில் படிக்கும்போது சுசீலா நய்யார் தோழியானார். காந்தியடிகளுக்கு மருத்துவராக இருந்த அதே சுசீலா நய்யார். அவர் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. காந்தியத் தொண்டரான ஜி. ராமச்சந்திரனும் அந்த வட்டத்தில்தான் பழக்கமானார். ராமச்சந்திரன் கேரளத்தில் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர். இருவரும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். விதவை மறுமணம், அதோடு சாதி வேறு, மொழி வேறு. ஒரு வருஷம் பிரிந்திருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்று காந்தியடிகள் நிபந்தனை போட்டார். மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தியடிகள், கஸ்தூரிபா முன்னிலையில் திருமணம் நடந்தது.

1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டார். 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா புனேயில் ஆகாகான் மாளிகைச் சிறையிலேயே உயிர்விட்டார். அவர் நினைவாக நாடு முழுவதும் நிதி திரட்டி, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்ய கஸ்தூரிபா அறக்கட்டளையை அமைத்தார்கள். அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பு டாக்டரம்மாவிடம் வந்தது.

அவர் நினைத்திருந்தால் மதுரையிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனை கட்டி, காரில் வந்து இறங்கியிருக்கலாம். அவரோ சின்னாளப்பட்டிக்கு வந்தார். நெசவாளர் ஊர். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே 1947-இல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். மொத்தம் இரண்டே இரண்டு கட்டில். அதே வருஷம், சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அக்டோபர் 7-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்று அங்கே இருக்கும் கஸ்தூரிபா மருத்துவமனைக்கு மூலம் அந்த இரண்டு கட்டில்தான்.

இங்கே எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். உறவுக்காரர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

என் அம்மா சின்னாளப்பட்டிப் பெண். அம்மாச்சி வீட்டில் தறி இருந்தது. 1952-இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. படிப்பு வேண்டாம், சொத்து வேண்டாம். அம்மாச்சி வாழ்நாளில் முதன்முதலாக ஓட்டுச்சாவடிக்குப் போனது அப்போதுதான். காங்கிரஸ் சார்பில் ஆத்தூர் தொகுதியில் நின்றவர் டாக்டரம்மா. (சேலம் ஆத்தூர் இல்லை, நம்ம காமராஜர் அணை இருக்கிற ஆத்தூர்.) இரட்டைக்காளைச் சின்னம். "நம்ம டாக்டரம்மாவுக்குத்தான் போட்டேன்" என்று அம்மாச்சி சாகும்வரை பெருமையாகச் சொல்வார்.

அந்தத் தேர்தலில் பட்டியல் தயாரித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்றா சொல்வது, கொடுமை. இந்தியா முழுவதும், பெரும்பாலும் வட மாநிலங்களில், தன் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அப்படிப்பட்ட காலத்தில், இளம் வயதில் விதவையான ஒரு பெண், மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண், ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார்.

டாக்டர் தொழிலிலிருந்து சட்டசபைக்குப் போன முதல் பெண் அவர் இல்லை. புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே சென்னை சட்டசபைக்குப் போய், 1927-இல் அதன் துணைத்தலைவரும் ஆனவர். தேவதாசி முறையை ஒழிக்கவும் பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் போராடியவர். ஆனால் அவர் நியமன உறுப்பினர். அன்றைக்குச் சாதாரணப் பெண்களுக்கு ஓட்டே கிடையாது. முத்துலட்சுமி அம்மையார் கதவைத் திறந்தார் என்றால், என் அம்மாச்சி மாதிரி கைநாட்டுப் பெண்களின் ஓட்டு வாங்கி அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர் சௌந்தரம் அம்மா.

சரி, ஓட்டுப் போட்ட அம்மாச்சியின் கதையை முடிக்கவில்லையே.

1958-இல் என் அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தார். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் அம்மாச்சி சம்மதிக்கவில்லை. "நாங்கள்லாம் வீட்ல பெக்கலையா? ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு என்ன பேசும்?" என்றாராம். வீட்டில் வைத்தே பிரசவம். ஆண் குழந்தை. தொப்புள்கொடியை வீட்டில் இருந்த அரிவாளால்தான் அறுத்தார்கள். ஆறு நாள் குழந்தை நன்றாகத்தான் இருந்தது. பிறகு பால் குடிக்க வாய் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் போய்விட்டது. செய்வினை, தோஷம் என்று என்னென்னவோ சொன்னார்கள்.

அது ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி, சுத்தம் செய்யாத இரும்பு வழியாகப் பச்சைத் தொப்புளுக்குள் போய்விடுகிறது. கத்தரியைக் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவியிருந்தாலே அந்தக் குழந்தை பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி என்பதெல்லாம் அந்த நாளில் ஊருக்கு வரவில்லை. எனக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பான்.

இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். டாக்டரம்மாவை நம்பி ஓட்டுப் போட்ட அதே அம்மாச்சி, மகளை அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. ஓட்டுப் போடுவதற்கு ஒரு நாள் நம்பிக்கை போதும். பெற்ற மகளை ஒப்படைக்க அது போதாது. கட்டடமும் மருந்தும் டாக்டரும் இருந்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிட மாட்டார்கள். வீடு வீடாகப் போக வேண்டும், திண்ணையில் உட்கார வேண்டும், மாமியாரிடம் பேச வேண்டும். காந்திகிராமம் இதைத்தான் செய்தது. கிராமத்துப் பெண்களையே சேவிகைகளாகப் பயிற்சி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. தாய்சேய் நலமும் குடும்பநலமும் கிராமத்தில் எப்படி எடுபடும் என்று செய்து பார்த்த இடங்களில் நம்ம ஆத்தூரும் ஒன்று.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெண் வந்தாராம். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை. முதல் தடவை அம்மாச்சி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். கடைசித் தடவை, "சரி, இந்தத் தடவை நீயே கூட்டிட்டுப் போ" என்றாராம். 1960-இல் கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்தவள் நான்.

இப்போது புரிகிறதா, இந்த வரலாறு எனக்கு ஏன் வெறும் வரலாறு இல்லை என்று?

அந்தச் சமயம் டாக்டரம்மா வேடசந்தூர் எம்.எல்.ஏ. 1957 தேர்தலில் அங்கே நின்று ஜெயித்திருந்தார். அவர் சட்டசபையில் இருந்த பத்து வருஷமும் நம் மாநிலம் உருமாறிய காலம். முதலில் போனபோது 375 பேர் கொண்ட சபை. ஆந்திரப் பகுதிகளும் அதில் சேர்த்தி. 1953-இல் ஆந்திரா பிரிந்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானார். 1956-இல் மொழிவாரி மாநிலம் அமைந்தது. ஊர்தோறும் பள்ளிக்கூடம், மதிய உணவு என்பதெல்லாம் அந்த ஆட்சியில்தான் பரவியது. நான் உட்பட எங்கள் தலைமுறை முழுவதும் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்து வந்தவர்கள்.

1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய், மத்திய கல்வித் துணை அமைச்சரானார். அதே வருஷம் பத்மபூஷண் விருது கிடைத்தது. டெல்லியில் பழக்கமான தோழி சுசீலா நய்யார் அப்போது மத்திய சுகாதார அமைச்சர். மருத்துவம் படித்த இரண்டு தோழிகளில் ஒருவர் நாட்டின் சுகாதாரத்தையும் மற்றவர் கல்வியையும் பார்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

1967 தேர்தலில் தி.மு.க. அலை. டாக்டரம்மாவும் தோற்றார். தோற்றவருக்குப் போக இடம் இருந்தது. காந்திகிராமம் அங்கேயேதான் இருந்தது. 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராமச்சந்திரன் அதன் முதல் துணைவேந்தர். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்கள், கதர், சித்த ஆயுர்வேத மருந்து தயாரிப்பு, ஆசிரியர் பயிற்சி என்று அந்த இடம் ஒரு ஊராகவே வளர்ந்திருந்தது.

1984 அக்டோபர் 21-இல் டாக்டரம்மா காலமானார். அடுத்த வருஷம்தான் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2005-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள்.

இப்போது வேடசந்தூருக்கு வருகிறேன். அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த அந்தப் பகுதி வானம் பார்த்த பூமி. பிற்காலத்தில் அங்கே நூற்பாலைகள் நிறைய வந்தன. வேலை வந்தது, சோறு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே விடியற்காலையில் ஊருக்குள் வண்டியும் வந்தது. அந்த வண்டியில் ஏறிப் போன பிள்ளைகளில் சிலருக்கு டி.சி. எழுதிய கை இந்தக் கை. டாக்டரம்மா அனுப்பிய அந்தச் சேவிகை எங்கள் வீட்டுப் படியை நாலைந்து முறை மிதித்தார். நான் அந்த மாணவியின் வீட்டுப் படியை ஒரு முறைகூட மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் அவர் மனம் மாறியிருக்குமா, தெரியாது. மிதித்திருக்க வேண்டும்.

"சிரிக்கக் கூடாது" என்று சொன்னவளை அன்று மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டாக்டரம்மாவின் கதையைச் சொன்னேன். முப்பத்திரண்டு வயதில் டாக்டர், நாற்பத்துமூன்றில் காந்திகிராமம், நாற்பதுகளின் பிற்பாதியில் சட்டசபை. "அவங்க பணக்கார வீட்டுப் பொண்ணு டீச்சர்" என்றாள். நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வசதியான குடும்பம் இருந்தது. இவளுக்குப் பின்னால் யார்? அதனால்தான், "உனக்கு நான் இருக்கேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் வா" என்றேன். மூன்று வாரமாக வருகிறாள். கணக்குதான் கொஞ்சம் பயப்படுகிறாள். தமிழில் இன்னும் அதே முத்து முத்தான கையெழுத்து.

இனி என் வேண்டுகோள்.

உங்களில் பாதியில் படிப்பை விட்டவர்கள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டே முடிக்காதவர்களுக்கும் தனித்தேர்வு இருக்கிறது. விண்ணப்பத் தேதிகளையும் விதிகளையும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் என்னிடம் கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஐந்தாறு பேர் உட்கார இடம் இருக்கிறது. டாக்டரம்மா தொடங்கியதும் இரண்டு கட்டிலில்தான்.

டாக்டராகவும் நர்ஸாகவும் ஆசிரியராகவும் இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வராதவர்களைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டுப் படியை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். முதல் தடவை தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை, மறுபடியும் போங்கள்.

காந்திகிராமம் வழியாகப் போனால் பஸ் ஜன்னலில் இருந்து பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பலகையைக் காட்டி, டாக்டரம்மா பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நான் நடத்தாமல் விட்ட பாடம் அது.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்